காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்

சாலவாக்கம் அஞ்சல்,
8.7.2024

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஆல்வினுக்கு,

அக்கா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ எப்படி இருக்கிறாய்? ராத்திரி சமைக்கிறாயா, இல்லை தாம்பரம் மார்க்கெட் பரோட்டாவிலேயே காலம் தள்ளுகிறாயா?

கோவிந்தம்மாள் அத்தை என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னாடி இப்பிடி எலும்பா கீற?" என்பதுதான். நம் அப்பாவுக்குத் தங்கை என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்தது. பதினாறு வருடம் கழித்து வந்தவளை, நேற்றுப் போய் இன்று வந்தவள் போலச் சேர்த்துக்கொண்டார்.

வந்த அன்றே ஒரு கூத்து. சமையல்கட்டில் அத்தையின் போன் அடித்தது. கையில் இருந்த காபி டம்ளரைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டேன். திரும்பி வரும்போது அத்தை தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் போன் அணைந்தே கிடக்கிறது. ஆகவே இனி நமக்குக் கடிதம்தான்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். மூன்று மாதம் போன் கூடாது. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், மரமும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் நடக்க வேண்டும். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "வெளிய நடக்கறதுக்கு சீட்டா? அப்ப எங்களுக்கெல்லாம் நோவே வரக்கூடாதே! நாப்பது வருசமா வெளியிலதான கீறோம்!"

நாளை காலை ஏரிக்கரைக்குப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா சுகிர்தா

---

தாம்பரம்,
15.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தேவ கிருபையால் நான் நலம். கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில், தலைமை ஆசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம். அதிலும் அரை மதிப்பெண்தான் போட்டார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அத்தை சிரிக்கட்டும். டாக்டரம்மா என்னிடம் தனியாக விளக்கினார். ஆம்புலன்ஸ் அழைப்பு எடுக்கும் வேலையில் ஒன்பது வருடம் இரவும் பகலும் மாறி மாறி ஷிப்டு பார்த்ததில் உன் உடம்புக்குப் பகல் எது, ராத்திரி எது என்பதே மறந்துவிட்டதாம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் மெல்லத் திரும்ப வருமாம். பச்சையைப் பார்த்து நடந்தால் நெஞ்சுப் படபடப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும் என்று பலரிடம் பார்த்திருக்கிறாராம். நான் மாலின் கீழ்த்தளத்தில் கார்களுக்கு இடம் காட்டுகிறவன். மழை பெய்ததா என்பதையே உள்ளே வரும் வண்டியின் ஈரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். எனக்கு அந்தச் சீட்டு கிடைத்தால் சட்டம் போட்டு மாட்டுவேன்.

தூக்கம் எத்தனை மணி நேரம்? மாத்திரை தவறாமல் போடுகிறாயா? படபடப்பு குறைந்ததா?

ஒன்று கேட்க வேண்டும். ஏற்காட்டில் சபை முகாமுக்கு உனக்காக இடம் பிடித்து வைத்திருந்தேன். குளிர், மலை, மரம் எல்லாம் உண்டு. நீயோ அத்தை வீடுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாய். ஏன்?

உன் தம்பி,
ஆல்வின்

---

சாலவாக்கம் அஞ்சல்,
26.7.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

நடக்கிறேன். ஆனால் டாக்டரம்மா சொன்ன மாதிரி இல்லை. ஒரு மணி நேரத் தூரத்தை நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். யாரோ பின்னால் துரத்துவது போல இருக்கிறது. கரையில் புங்க மரங்கள், பனை, கீழே பாதி வற்றிய ஏரி, கொக்குகள் எல்லாம் இருக்கின்றன. நான் பார்ப்பது என் செருப்பை மட்டும்தான். பைக்கில் போகிற ஒருவன் பையில் போன் அடித்தால் சேலையில் நெருப்பு பட்டவள் போலத் துள்ளுகிறேன்.

இங்கே சும்மா நடப்பது பெரிய அதிசயம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் நிறுத்திக் கேட்டார்கள்.

"எங்கம்மா போற?"

"சும்மாதான்."

"சும்மா எப்பிடிப் போவ? போற எடம் ஒண்ணு இருக்கணும்ல?"

அவர்களைக் கடந்து போனபிறகும் அந்தக் கேள்வி காதில் இருந்தது.

தூக்கம் மூன்று மணி நேரம். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்று ஐம்பதுக்கு நூறு. மாத்திரை போடுகிறேன்.

கரையில் பாதி வரைதான் போகிறேன். மதகு வந்ததும் திரும்பிவிடுவேன். மறுமுனைப் பக்கம் ஒரு நாய் இருக்கிறது.

அக்கா

---

தாம்பரம்,
3.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ரத்த அழுத்த எண்ணைப் பார்த்து எனக்கு ஏறிவிட்டது.

நாய்க்குப் பயந்து பாதியில் திரும்புகிறாயா? நீயா? சின்ன வயதில் என்னைக் கடிக்க வந்த நாயைப் பலகையால் அடித்துத் துரத்தியவள் நீ. மூன்றாவது மாடியில் தீயில் மாட்டிக்கொண்டவனைப் போனிலேயே பேசிப் பேசி மாடிப்படி வழியாக இறக்கியவள் நீ. அந்த அக்காவை ஒரு கிராமத்து நாய் மிரட்டுகிறதா?

ஏற்காடு பற்றி நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

மெதுவாக நட. உன் பின்னால் யாரும் வரவில்லை.

ஆல்வின்

---

சாலவாக்கம் அஞ்சல்,
22.8.2024

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் தேறியிருக்கிறேன். நேற்று ஐந்து மணி நேரம் தூங்கினேன். பசிக்கிறது. நர்ஸ் பார்த்தபோது நூற்று முப்பத்தி நான்குக்கு எண்பத்தெட்டு. "இன்னா மருந்து மாத்தினாங்க?" என்று கேட்டார். மருந்து அதே மருந்துதான் என்றேன்.

இப்போது கரையின் மறுமுனை வரை போகிறேன். கூட நடக்க ஆள் கிடைத்திருக்கிறது. செங்கேணி என்று பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கும். நாலு ஆடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து வருவார். ஆடு மேயும் வேகத்துக்குத்தான் அவரோடு நடக்க முடியும். அதனால் என் வேகம் தானாகக் குறைந்துவிட்டது. நத்தையைக் கொத்துகிற நாரை எது, முக்குளிக்கிற கோழி எது என்று அவர் சொல்லித்தான் தெரியும். நேற்று நாமக்கோழி குஞ்சுகளோடு போனது. ஏழு என்று நான் எண்ணினேன், எட்டு என்று அவர் எண்ணினார். சண்டை போட்டோம். எட்டுதான்.

அவரும் தூக்கமில்லாதவர். மார்ச்சில் கணவர் இறந்துவிட்டார். "உன்கூட நடந்த அன்னிக்கு மட்டும் கண்ணு அசருது" என்கிறார்.

நான் அவரிடம் அதிகம் பேசுவதில்லை. முதல் வாரம் ஒருநாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "உன் கொரலு எங்கியோ கேட்ட மாதிரி கீது" என்றார். சினிமாவில் கேட்டிருப்பீர்கள் என்று சொல்லிச் சிரித்தேன்.

நாய் பழகிவிட்டது.

அக்கா

---

தாம்பரம்,
29.8.2024

அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

உன்னோடு வேலை பார்க்கும் திவ்யா நேற்று வீட்டுக்கு வந்தாள். உன் உடம்பைப் பற்றி விசாரித்தாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டபோது சாலவாக்கம் பக்கம், ஏரிக்கரை என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் எல்லாம் சொன்னாள்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி நீ எடுத்த அழைப்பு. பேசியவர் பெயர் செங்கேணி.

அக்கா, அந்த அழைப்பு பற்றிய விசாரணையில் உன் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு நீ காட்டியது அந்தக் காகிதத்தை மட்டும்தான். "கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான்" என்றாய். நான் நம்பினேன். இப்போது யோசித்தால் ஏற்காடு ஏன் வேண்டாம் என்றாய் என்பது புரிகிறது. நாய் என்று நீ சொன்னது எதை என்பதும் புரிகிறது.

அந்தம்மாவுக்கு நீ யார் என்று தெரிந்தால் என்ன ஆகும்? அவர் உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மெல்லத் தேறி வருகிற உடம்பு அக்கா. கிளம்பி வந்துவிடு. ஒன்றும் சொல்லாமல் வந்துவிடு. நடக்க இங்கே பூங்கா இருக்கிறது.

ஆல்வின்

---

தாம்பரம்,
10.9.2024

அக்கா,

பதில் இல்லை. அத்தை போன் அணைந்தே கிடக்கிறது. நேற்று வேலையில் ஒரு காரை இன்னொரு காரின் மேல் ஏற்றியிருப்பேன், நல்லவேளை ஓட்டியவர் கத்தினார்.

சுகமா என்று கேட்கிறேன். ஒரு வரி போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் திங்கள் காலை முதல் பஸ்ஸில் நான் அங்கே இருப்பேன்.

ஆல்வின்

---

சாலவாக்கம் அஞ்சல்,
13.9.2024

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீ வர வேண்டாம். இதை அத்தை தெருவுக்கு வரும் தபால்காரர் கையிலேயே கொடுத்து, விரைவுத் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு எழுத உட்கார்ந்து எழுத முடியாமல் எழுந்த நாட்கள் நிறைய. இப்போது எழுதிவிடுகிறேன்.

அன்று பகல் ஒன்றே முக்காலுக்கு அழைப்பு வந்தது. "அம்மா, வூட்டுக்காரரு கயனியில கெடக்கறாரும்மா, சீக்கிரம் வாங்கம்மா" என்றார். எங்கே என்றேன். "ஏரிக்கரை புதுக்காலனி" என்றார். எந்த ஊர் என்று கேட்கும்போது லைன் அறுந்துவிட்டது. என் திரையில் உத்திரமேரூர் வட்டாரத்தில் இரண்டு ஏரிக்கரைப் புதுக்காலனி இருந்தன. ஒன்று பெருநகர் பக்கம், இன்னொன்று சாலவாக்கம் பக்கம். திரும்பக் கூப்பிட்டேன், போகவில்லை. காத்திருக்க நேரமில்லை. பெருநகர் என்று அழுத்தினேன். வண்டி அங்கே போய்த் தேடி, பிறகு இந்தப் பக்கம் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இருசப்பன் என்ற அந்த மனிதர் இறந்திருந்தார்.

தவறில்லை என்று எழுதினார்கள். ஆனால் ஆல்வின், அது நம் அத்தை ஊர் ஏரியின் மறுகரை. பதினாறு வருடத்தில் ஒருமுறையாவது நான் அத்தையைப் பார்க்க வந்திருந்தால் இந்தப் புதுக்காலனிதான் முதலில் நினைவுக்கு வந்திருக்கும். அதன்பிறகு எந்தப் போன் அடித்தாலும் எனக்கு அது அந்த அம்மாவின் குரலாகவே கேட்டது.

பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் வந்தேன். பேசுவேன் என்று நினைக்கவில்லை. ஒரு மாதம் மதகுக்கு அப்பால் கால் வரவில்லை. பிறகு ஒருநாள் அவரே ஆடுகளோடு மதகு வரை வந்துவிட்டார்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி காலை சொல்லிவிட்டேன். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த நாள் அது. அதனால்தான் முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அன்னைக்கு நீங்க ஆம்புலன்சுக்குப் பேசினப்போ போன எடுத்தது நான்தான். வண்டியை வேற ஊருக்கு அனுப்பினதும் நான்தான்" என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். அடிப்பார் என்றுகூட. அவர் கையிலிருந்த குச்சியைக் கீழே ஊன்றி நின்றார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப தெரிஞ்சிக்கினேதான் என்கூட நடந்தியா? இத்தினி நாளும்?"

ஆமாம் என்றேன்.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து கரைக்கு வரவில்லை. ஆடுகளைப் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டி வருகிறார். நான் காலையும் மாலையும் மறுமுனை வரை போய்த் திரும்புகிறேன். வேகமும் இல்லை, நிதானமும் இல்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, நடந்தால் நிற்கத் தோன்றுகிறது. ஆனாலும் தூக்கம் போகவில்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் தூங்குகிறாரோ என்னவோ, நான் தூங்குகிறேன்.

அக்கா

---

தாம்பரம்,
24.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்ற ஒரு வரிக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

என்னிடம் சொல்லியிருக்கலாம். கோபமாக எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாலு மாதம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய்.

டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். உன்னைத் திருப்பி அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். தூங்குகிறாளா என்றார். ஆமாம் என்றேன். சாப்பிடுகிறாளா என்றார். ஆமாம் என்றேன். "அப்படியானால் இருப்பதா வருவதா என்று அவளே முடிவு செய்யட்டும். தூக்கமில்லாதவளாக இருந்தால் நான் முடிவு செய்வேன்" என்றார். நடப்பதால் குற்ற உணர்ச்சி போய்விடுமா என்று கேட்டேன். "அதற்கு நான் சீட்டு எழுதவில்லையே" என்றார்.

ஆகவே நான் வரவில்லை. வாசலில் பஸ் பிடிக்க நின்றவன் திரும்பிவிட்டேன் என்பது மட்டும் உனக்குத் தெரியட்டும்.

இன்னொரு செய்தி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழ்த்தளத்தை விட்டு வெளியே வந்து, வாசலில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். முதல் நாள் வெளிச்சத்தில் கண் கூசித் தண்ணீர் கொட்டியது. காவலாளி நான் அழுவதாக நினைத்து விசாரித்தார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

உன் தம்பி,
ஆல்வின்

---

சாலவாக்கம் அஞ்சல்,
9.10.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. மரத்தடியை விட்டுவிடாதே.

செங்கேணி வந்துவிட்டார்.

போன வாரம், அக்டோபர் முதல் தேதி. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மதகில் உட்கார்ந்திருந்தேன். ஆடு இல்லாமல் தனியாக வந்தார். ஒரு மாதத்தில் முகம் இறங்கிப்போயிருந்தது.

"நடக்கலயா?" என்றார்.

எழுந்தேன். சேர்ந்து நடந்தோம். பிறகு, "ஒரு மாசமா வூட்டுக்குள்ளயே கெடந்தேன். ஒரு பொட்டுத் தூக்கம் வல்ல. உன் மேல கோவமா, இன்னான்னு தெர்ல. உன்ன நெனச்சாலே பத்திக்கினு வருது. ஆனா காலு கரைக்குப் போவணும்னு சொல்லுது" என்றார்.

பாதி தூரம் போனபிறகு நின்றார். என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்குக் காலையில சண்டை. ஒண்ணுமில்லாத சண்டை. கோவத்துல அவருக்குக் கூழு எடுத்துக்கினு போவல. பசிச்சா வரட்டும்னு வூட்டுல உக்காந்துக்கினேன். மத்தியானம் ஆயும் வல்லன்னுதான் போயிப் பாத்தேன். வரப்புல கெடந்தாரு. எப்ப வுயுந்தாரோ. கை சில்லுனு இருந்துச்சு. ஆஸ்பத்திரியில கேட்டாங்க, இப்பத்தான் வுயுந்தாருன்னு சொல்லிட்டேன். வண்டி லேட்டு, வண்டி லேட்டுன்னு ஊரு பூரா சொன்னேன். வண்டிய திட்டிக்கினு இருந்தா என்னிய நான் திட்டிக்க வேணாம்ல?"

அப்படியானால் நான் அனுப்பிய வண்டி சரியாக வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதா என்று கேட்கத் துடித்தேன் ஆல்வின். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு என் விடுதலை மட்டும்தான் தெரிந்தது. கேட்டும்விட்டேன்.

"தெர்லம்மா" என்றார். "மூச்சு இருந்த மாதிரியும் இருந்துச்சு. இல்லாத மாதிரியும் இருந்துச்சு. பொய்யி சொல்ல மாட்டேன். எனக்குத் தெர்ல."

அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியப்போவதில்லை. தூறல் வலுத்தது. ஒதுங்கப் பக்கத்தில் மரம் இல்லை. நனைந்துகொண்டே கலங்கல் வரை போனோம். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் இடம் அது. திரும்பி வரும்போது வழுக்கும் இடத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அதைத் தாண்டியதும் விட்டுவிட்டார்.

அதன்பிறகு தினமும் வருகிறார். சில நாள் பேசுவார். சில நாள் பத்தடி முன்னால் போய்க்கொண்டே இருப்பார், திரும்பிப் பார்க்க மாட்டார். அந்த நாட்களில் நான் பத்தடி பின்னால் நடக்கிறேன்.

நேற்று நூற்று இருபத்தாறுக்கு எண்பத்திரண்டு. வேலைக்குத் திரும்புகிறேன் என்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். பகல் ஷிப்டு மட்டும் கேட்டிருக்கிறேன். செங்கேணியிடம் சொன்னபோது, "போ. இன்னொருத்தி கூப்புடும்போது எடுக்க ஆளு வேணும்ல" என்றார். சாபமா ஆசியா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் அத்தை எண்ணுக்குக் கூப்பிடு. இயக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எடுக்க நேரமானாலும் வைத்துவிடாதே.

அக்கா

---

ஏரிக்கரை புதுக்காலனி,
8.12.2024

சுகிர்தா அம்மாவுக்கு செங்கேணி எழுதிக்கிறது.

நான் நல்லா கீறேன். ஆடும் நல்லா கீது. நீயும் உன் தம்பியும் நல்லா இருக்கணும். அஞ்சாவது வரைக்கும் படிச்சவ நான், எழுத்து கோணலா இருந்தா திட்டாத.

உன் அத்த நம்பரு குடுத்திச்சி. போன் பண்ணுன்னு சொல்லிச்சி. ரெண்டு தபா எடுத்து அமுக்க வந்தேன். முடில. நேர்ல உன் கொரலு எனக்குப் பழகிச்சு. போன்ல அந்தக் கொரல கேக்க எனக்கு இன்னும் தெம்பு இல்ல. அதான் கடுதாசி.

போன வாரம் பேய் மய. ஏரி ரொம்பி கலங்கல் போவுது. ஊரே வந்து பாக்குது. கரைல சேறு, ஆனா நான் தெனம் போறேன். காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. சும்மா எங்க போறன்னு கேக்கறாங்க. டாக்டரு சீட்டுன்னு சொல்லிட்டேன். யாருக்குன்னு சொல்லல.

தூக்கம் வருது. சில நாளு வருல. வராத நாளு அவரு கிட்ட பேசறேன், கூழு எடுத்துக்கினு வராதது தப்புதான்னு சொல்றேன். முன்ன அத வாயத் தொறந்து சொல்ல முடியாது.

போறப்ப நீ கேட்ட, என் மேல கோவம் போயிட்சான்னு. அப்ப ஒண்ணும் சொல்லல. யோசிச்சுப் பாத்தேன். போவல. கொஞ்சம் கீது. அது இருக்கட்டும், நீ வா. பொங்கலுக்கு ரெண்டு நாளு லீவு போட்டு வா. ஒத்தையா நடக்கறது பேஜாரா கீது.

செங்கேணி